கிளிப்பும் கிளாரினெட்டும் முகத்துவாரமும்

"பல்லுக்கு கிளிப் போட்டா கிளாரினெட் வாசிக்க முடியுமா? கழட்டின பிறகு பழைய சத்தம் திரும்ப வருமா?"

இந்த வருஷம் மட்டும் இந்த ரெண்டு கேள்வியையும் மூணு பேர் என்கிட்ட கேட்டாச்சு. ஒருத்தன் எங்க காலேஜ் ஜூனியர். இன்னொருத்தன் பொன்னேரி பக்கம் பேண்டு செட்டுல வாசிக்கிற பையன். மூணாவது ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது, எங்கேயோ என் பேரைக் கேள்விப்பட்டு கேட்டிருக்கார். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா மொத்தமா எழுதிடலாம்னு உட்கார்ந்துட்டேன்.

முதல் கேள்விக்கு பதில்: முடியும். ரெண்டாவது கேள்விக்கு பதில்: வராது. ஆனா அதுக்காகக் கவலைப்பட வேண்டாம். ஏன்னு சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளம்.

முன்கூட்டியே ஒண்ணு. நான் டாக்டரும் இல்ல, சங்கீத வித்வானும் இல்ல. பி.காம் மூணாவது வருஷம். ஊர் பழவேற்காட்டுக்குப் பக்கத்துல லைட்ஹவுஸ் குப்பம். கல்யாணம், திருவிழா, சாவுன்னு எங்க பக்கத்து பேண்டு செட்டுல கிளாரினெட் வாசிக்கிறேன். மேல் வரிசையில ஒரு பல் மத்ததைவிட நல்லா முன்னாடி நின்னுச்சு, கீழ் வரிசையில ஒரே நெரிசல். இருபத்திரண்டு மாசம் கிளிப் போட்டிருந்தேன். முகூர்த்த சீசன்ல வர்ற வாசிப்புக் காசுதான் என் ஃபீஸ்ல பாதி. அதனால இது எனக்குப் பொழுதுபோக்கு விஷயம் இல்ல. வாய் கெட்டா வரவும் கெட்டுச்சு, கணக்கு அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

கிளாரினெட்ல மவுத்பீஸ் வாய்க்குள்ள எப்படி உட்காருதுன்னு தெரிஞ்சாதான் பல் மாறினா என்ன ஆகும்னு புரியும். மேல் முன்பல் ரெண்டும் மவுத்பீஸோட முதுகு மேல நேரா உட்காரும். கீழே ரீடு. கீழ் உதடு கொஞ்சம் உள்பக்கமா மடங்கி கீழ்ப்பல் மேல மெத்தை மாதிரி படுத்துக்கும். அந்த மெத்தை மேலதான் ரீடு துடிக்கும். பார்க்கிறவங்களுக்கு உதடுதான் வேலை செய்யற மாதிரி தெரியும். ஆனா உதட்டுக்கு அடியில பாய் விரிச்சிருக்கிறது கீழ்ப்பல். பாய்க்கு அடியில தரை மேடு பள்ளமா இருந்தா படுக்கிறவன் எப்படியெல்லாம் ஒருக்களிச்சுப் படுப்பான்? நம்ம உதடும் அப்படித்தான் வருஷக்கணக்கா ஒருக்களிச்சுப் படுத்துப் பழகியிருக்கும்.

கோணல் பல்லோட நல்லா வாசிச்சவனோட உதட்டுப்பிடி, அந்தக் கோணலுக்குன்னே அளவெடுத்துத் தைச்ச சட்டை. பல் நேரானதும் சட்டை பொருந்தாது. சட்டையும் கெட்டுப்போகல, உடம்பும் கெட்டுப்போகல. அளவு மாறிடுச்சு, அவ்வளவுதான். பழைய சட்டையை இழுத்து இழுத்துப் போட்டுப் பார்க்கிறவங்கதான் "எனக்குக் கிளாரினெட் போச்சு"ன்னு முடிவு பண்ணிடறாங்க. எங்க பாடத்துல இதுக்கு மூழ்கிய செலவுன்னு பேரு. போட்ட காசு போட்டதுதான், அதை வெச்சு அடுத்த முடிவு எடுக்கக் கூடாது :-)

எனக்கு இதுக்குக் கண்ணால பார்க்கிற சாட்சி ஒண்ணு இருந்துச்சு. மவுத்பீஸ் முதுகுல பல் வழுக்காம இருக்க மெல்லிசா ஒரு ரப்பர் ஒட்டுவோம். என் பழைய ரப்பர்ல ஒரே ஒரு குழி, அதுவும் இடது பக்கமா. அத்தனை வருஷமா ஒத்தைப் பல்லுலதான் கிளாரினெட் நின்னிருக்கு. கிளிப் கழட்டி மூணு வாரம் கழிச்சு புது ரப்பர்ல பார்த்தா பக்கத்துல பக்கத்துல ரெண்டு குழி. வாத்தியம் அதேதான், நிக்கிற இடம் வேற. கிளிப் கழட்டினவங்க முதல்ல செய்ய வேண்டியது இதுதான்: பழைய ரப்பரைப் பிய்ச்சுப் போட்டுட்டு புதுசு ஒட்டுங்க. பழசு இருந்தா பல் தன்னால போய் பழைய குழியிலதான் உட்காரும்.

இந்த உதட்டுப்பிடிக்கு இங்கிலீஷ் புத்தகங்கள்ல எம்பூஷர்னு பேரு. பிரெஞ்சு வார்த்தை. அகராதியில தேடினா அதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு: ஆறு கடலோட சேர்ற இடம். அதாவது முகத்துவாரம்! எங்க ஊர்க்காரனுக்கு இதுக்கு மேல விளக்கமே தேவையில்லை.

பழவேற்காடு ஏரி கடலோட சேர்ற முகத்துவாரம் எங்க ஊருக்குப் பக்கத்துலதான் இருக்கு. அது ஒரே மாதிரி இருக்காது. மணல் ஏறும், குறுகும், சில காலம் அடைச்சே போகும், தோண்டுவாங்க, வெள்ளம் வந்தா அதுவா உடைச்சுக்கும். போன வருஷம் படகு போன வழியில இந்த வருஷம் முட்டியளவு தண்ணிதான் நிக்கும். என் சித்தப்பா அப்போ "பழைய வழி எங்கே"ன்னு தேட மாட்டார். வேகத்தைக் குறைச்சு, கழியை விட்டு ஆழம் பார்த்து, எங்கே தண்ணி ஓடுதோ அங்கே போவார். ரெண்டு மூணு நாள்ல புது வழி கைக்கு வந்துடும். பல் மாறினவங்க செய்ய வேண்டியதும் இதேதான். வேகத்தைக் குறை, ஆழம் பாரு, காத்து எங்கே ஓடுதோ அங்கே போ.

"உதட்டுப்பிடின்னா ஒண்ணே ஒண்ணுதான் சரி, அதை மாத்தினா போச்சு"ன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சின்ன சரித்திரம். கிளாரினெட் 1700ஐ ஒட்டி ஜெர்மனியில நியூரம்பெர்க் நகரத்துல யோஹான் கிறிஸ்டோஃப் டென்னர் உருவாக்கினதுன்னு சொல்லுவாங்க. அதுக்கப்புறம் ரொம்ப காலம் பல ஊர்கள்ல ரீடை மேல் பக்கமா வெச்சு, மேல் உதட்டால அழுத்தித்தான் வாசிச்சாங்க. ஆமாம், இப்போ நாம வாசிக்கிறதுக்கு நேர் தலைகீழ்! பாரிஸ் கன்சர்வேட்டரியிலயே 1830கள்லதான் ரீடு கீழ்ப்பக்கம்னு மாத்தினாங்க. இத்தாலியில நேப்பிள்ஸ் பக்கம் 19ஆம் நூற்றாண்டு முழுக்க மேல் ரீடு ஓடியிருக்கு. மொத்த வாத்தியத்தையே தலைகீழாத் திருப்பிப் புதுசாப் பழகியிருக்காங்க. நமக்கு ரெண்டு மில்லிமீட்டர் பல் நகர்ந்திருக்கு. பெரிய விஷயமா?

அதேபோல எல்லாரும் மேல்பல்லை மவுத்பீஸ் மேல வைக்கிறதும் இல்ல. மேல் உதட்டையும் மடிச்சு பல்லுக்கு அடியில கொடுத்து ரெண்டு உதட்டாலயும் பிடிக்கிற முறை உண்டு. பாஸ்டன் சிம்பனியில 1970லேர்ந்து 1993 வரைக்கும் முதல் கிளாரினெட்டா இருந்த ஹெரால்டு ரைட் வாசிச்சது அந்த முறையிலதான். நமக்கு இது புதுசே இல்ல. நாகஸ்வரத்துல சீவாளி ரெண்டு உதட்டுக்கும் நடுவுலதான் நிக்கும், பல்லு அதைத் தொடவே தொடாது. ரெண்டு வாத்தியத்துக்கும் ஒரே வாய் பழகிக்கும்னு காட்டினவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன். இலுப்பூர் நடேச பிள்ளைகிட்ட நாகஸ்வரம் கத்துக்கிட்டு, கிளாரினெட்டைக் கர்நாடக இசை மேடைக்குத் தனிக் கச்சேரி வாத்தியமாக் கொண்டுவந்தவர். 2008ல சங்கீத கலாநிதி, 2022ல பத்மஸ்ரீ. சீவாளி பிடிச்ச வாய் ரீடு பிடிக்கப் பழகும்னா, கோணல் பல்லுல பழகின வாய் நேர் பல்லுக்குப் பழகாதா?

கிளிப் இருக்கும்போது கீழ் கம்பி உதட்டோட உள்பக்கத்தை அறுக்கிற நாள்கள்ல நான் இந்த ரெண்டு உதட்டு முறையைத்தான் பத்து பத்து நிமிஷம் பழகினேன். அதுல கடிக்கவே முடியாது, கடிச்சா மேல் உதடு வலிக்கும். அதனால காத்தை நம்பியே ஆகணும். அது ஒரு நல்ல வாத்தியார்.

இப்போ நாக்கு. உண்மையான தலைவலி இங்கேதான்.

கிளாரினெட்ல ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிரிச்சுக் காட்டுறது நாக்கு. நாக்கு நுனி ரீடோட நுனியைத் தொட்டு விலகும். தொடும்போது ரீடு நிக்கும், விலகும்போது ஸ்வரம் பிறக்கும். கவனிங்க: ஸ்வரம் பிறக்கிறது அடிக்கும்போது இல்ல, விலகும்போது. கீழ்ப்பல் நகர்ந்தா உதடு நகரும், மவுத்பீஸ் நிக்கிற சாய்வு மாறும், ரீடு நுனி வாய்க்குள்ள வேற இடத்துல நிக்கும். ஆனா நாக்கு பழைய விலாசத்துக்கே தபால் கொண்டுபோகும். அதனாலதான் கிளிப் கழட்டின புதுசுல "டப் டப்"னு ஒரு சத்தமோ, ஸ்வரத்துக்கு முன்னாடி ஒரு துப்பலோ கேக்கும்.

இங்கே தமிழ்க்காரங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. இங்கிலீஷ் புத்தகம் நாக்கை "டூ"ன்னு சொல்ற மாதிரி வைன்னு எழுதியிருக்கும். வெள்ளைக்காரன் வாய்ல அந்த எழுத்துக்கு நாக்கு நுனி மேல்பல்லுக்குக் கொஞ்சம் பின்னாடி, ஈறுகிட்ட தொடும். நாம தமிழ்ல "டூ"ன்னு சொன்னா நாக்கு பின்னாடி வளைஞ்சு மேலண்ணத்தைத் தொடும். இப்பவே சொல்லிப் பாருங்க. ரீடு எங்கேயோ இருக்கு, நாக்கு எங்கேயோ போகுது! நமக்குச் சரியான எழுத்து "து". நாக்கு நுனி தானா முன்னாடி வரும். நாகஸ்வரக்காரங்க இதைப் புத்தகம் பார்த்துக் கத்துக்கல. நாக்கால தட்டி வாசிக்கிறதுக்கு அவங்க வெச்ச பேரே துத்துகாரம். பேருலயே பாடம் இருக்கு.

ஆனா "து"வும் பல்லை நம்பித்தான் இருக்கு. நம்ம த, து எல்லாம் மேல்பல்லோட பின்பக்கத்தைத் தொட்டுப் பிறக்கிற எழுத்து. பல் நகர்ந்தா அதுவும் நகரும். கிளிப் கழட்டி ரீடெய்னர் போட்ட முதல் வாரம் நான் "தண்ணி"ன்னு சொன்னா வீட்ல சிரிச்சாங்க. பத்து நாள்ல பேச்சு சரியாயிடுச்சு. அதுக்குன்னு நான் எந்தப் பயிற்சியும் செய்யல. பேசினேன், காது கேட்டுச்சு, நாக்கு திருத்திக்கிச்சு. இதுல ஒரு பெரிய ஆறுதல் இருக்கு: நம்ம நாக்கு ஒண்ணும் மக்கு இல்ல. காது கேக்கிற அளவுக்கு மெதுவா வாசிச்சா அதுவே புது விலாசத்தைக் கண்டுபிடிச்சுக்கும். வேகமா வாசிச்சா காதுக்கு நேரம் கிடைக்காது.

சரி, தினமும் என்ன செஞ்சேன்? வரிசையா சொல்றேன்.

முதல் வாரம் முழு வாத்தியமே எடுக்கல. மவுத்பீஸும் அதுக்குக் கீழே வர்ற பேரலும் மட்டும். சாதாரண பி ஃபிளாட் கிளாரினெட்ல இந்த ரெண்டை மட்டும் ஊதினா ஹார்மோனியத்துல எஃப் ஷார்ப் பக்கத்துல ஒரு சுருதி வரும். ஃபோன்ல ட்யூனர் ஆப் போட்டுப் பார்க்கலாம். சுருதி மேல ஏறி நின்னா கடிக்கிறீங்கன்னு அர்த்தம். கீழே தொங்கினா பிடி தளர்ச்சி. ஆடினா காத்து ஆடுது. அந்த ஒரே சுருதி பத்து எண்ணுற வரைக்கும் ஆடாம நிக்கிறதுதான் முதல் வாரப் பாடம்.

உதடு எங்கே வைக்கணும்னு தெரியலைன்னா ஒரு துண்டுக் காகிதத்தை ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவுல மெதுவா விடுங்க. அது போய் நிக்கிற இடத்துலதான் ரீடு மவுத்பீஸை விட்டுப் பிரியுது. கீழ் உதடு ஏறக்குறைய அந்த இடத்துக்கு நேரா இருக்கணும். அங்கேர்ந்து துளி முன்னே, துளி பின்னேன்னு நகர்த்திக் கேளுங்க. சித்தப்பாவோட கழி இதுதான்.

ரெண்டாவது வாரம் முழு வாத்தியம். நாக்கே கிடையாது, "ஹூ"ன்னு காத்தாலேயே ஆரம்பிக்கிற நீள ஸ்வரம் மட்டும். அதுல ஒரு சோதனை உண்டு. கீழே ஒரு ஸ பிடிச்சுக்கிட்டு, உதட்டை அசைக்காம, இடது கட்டைவிரலால மேல் ஸ்தாயி சாவியை மட்டும் அமுக்குங்க. நாகஸ்வரத்துலயோ புல்லாங்குழல்லயோ ஸவோட அதே விரல்ல மேல் ஸ வரும். கிளாரினெட் விசித்திரம், மேல் பஞ்சமம் வரும். உதடு அசையாம அந்தப் பஞ்சமம் சுத்தமா வந்தா உங்க புதுப் பிடி சரி. கீச்சுனா இன்னும் ரெண்டு நாள் அங்கேயே நில்லுங்க.

மூணாவது வாரம்தான் நாக்கு. மெட்ரோனோம் 60. ஒரே மூச்சுல, ஒரே ஸ்வரத்துல, தட்டுக்கு ஒரு "து". அப்புறம் ரெண்டு. அப்புறம் தகதிமி கணக்குல நாலு. காத்து நிக்கவே கூடாது, குழாய்த் தண்ணியை விரலால வெட்டுற மாதிரி. தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு, விரல் வந்து வந்து போகுது. துப்பல் சத்தம் கேட்டா வேகத்தைக் குறைங்க. தினமும் நாலு நாலா ஏத்துங்க. 60ல சுத்தமா வராதது 120ல வராது.

ரீடு விஷயம்: வழக்கமா மூணாம் நம்பர் வாசிக்கிறவங்க ரெண்டுக்கோ ரெண்டரைக்கோ இறங்கிக்கிறது நல்லது. கௌரவம் பார்க்க வேண்டாம். உதட்டுக்குப் பலம் வந்ததும் ஏறிக்கலாம். எங்க ஊர் மாதிரி ஈரக்காத்து இருக்கிற இடத்துல ரீடு ஊதிக்கிட்டு அலை அலையா வளையும். அன்னிக்கு வர்ற கீச்சுக்குப் பல்லைத் திட்டாதீங்க, முதல்ல ரீடை மாத்திப் பாருங்க.

கிளிப் இன்னும் வாய்ல இருக்கிறவங்களுக்கு: கம்பி முறுக்கின அடுத்த ரெண்டு மூணு நாள் பல்லு நோகும். அப்போ வாசிக்காதீங்க, விரலும் மூச்சும் மட்டும் பழகுங்க. மெழுகு கேட்டு வாங்கி கம்பி மேல ஒட்டுங்க. மெல்லிய காகிதத்தை நாலா மடிச்சு கீழ்ப்பல் மேல வெச்சாலும் உதடு பிழைக்கும். முக்கியமா, "நான் காத்து வாத்தியம் வாசிக்கிறேன்"னு டாக்டர்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க. இது அவங்களுக்குப் புது விஷயம் இல்ல. ஸ்ட்ரேயர்னு ஒருத்தர் 1939லயே காத்து வாத்தியங்களை வாய்ல பிடிக்கிற விதத்தை வெச்சு நாலு வகையாப் பிரிச்சு பல் சீரமைப்பு மருத்துவ இதழ்ல எழுதியிருக்கார்.

கிளிப் கழட்டின பிறகு ரீடெய்னர். கழட்டி மாட்டுற வகைன்னா வாசிக்கும்போது கழட்டிட்டு, முடிஞ்சதும் கையோட மாட்டிடணும். வாசிப்பு முடிஞ்ச அலுப்புல சட்டைப் பையில போட்டுட்டுத் தூங்கினா பல் பழைய இடத்துக்குக் கிளம்பிடும். பல்லை நகர்த்துறது எவ்வளவு பலமா அழுத்துறோம்ங்கிறதைவிட எவ்வளவு நேரம் அழுத்துறோம்ங்கிறதுதான். ஒரு மணி நேர வாசிப்பைவிட ராத்திரி முழுக்க இருக்கிற ரீடெய்னருக்குப் பலம் ஜாஸ்தி. அதோட, பல்லைச் சுத்தியிருக்கிற ஈறு நார்கள் புது இடத்துல முழுசா நிலைக்க ஒரு வருஷம் வரைக்கும் ஆகும். அதனால முதல் மாசச் சத்தத்தை வெச்சுத் தீர்ப்பு எழுதாதீங்க. தரையே இன்னும் காயல.

எங்க பேண்டு மாஸ்டருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் பிடிக்காது. ரெண்டாவது வாரம் நான் அழாத குறையா, "மாஸ்டர், பழைய சத்தம் வரவே மாட்டேங்குது"ன்னேன். அவர் டிரம்பெட்டைத் துடைச்சுக்கிட்டே, "தம்பி, சத்தத்தைத் தேடாத. காத்த வுடு. சத்தம் பின்னாலயே வரும்"னார். அவ்வளவுதான் சொன்னார். மேலே நான் எழுதின அத்தனை வார்த்தையும் அந்த ரெண்டு வரிக்கு உரைதான் :-)

ஆறாவது வாரத்துலேர்ந்து முகூர்த்தத்துக்கு முழுசா வாசிச்சேன். பழைய சத்தம் கொஞ்சம் மூக்கால பேசும், இது கொஞ்சம் உருண்டையா இருக்கு. மேல் ஸ்தாயி முன்னைவிட சுலபம், ரெண்டு பல்லு தாங்குது இல்லையா! நாக்கு மட்டும் பழைய வேகத்துக்கு வர நாலு மாசம் ஆச்சு. பழைய சத்தம்தான் நல்லா இருந்துச்சுன்னு சொல்றவங்களும் செட்டுல ரெண்டு பேர் இருக்காங்க. இருக்கட்டும். அந்தச் சத்தம் அந்தப் பல்லோடது.

கிளிப் போடலாமா வேண்டாமான்னு தயங்கி நிக்கிற வாசிப்புக்காரங்களுக்குக் கடைசியா ஒண்ணு. சீசன் முடியற நேரமாப் பார்த்துப் போடுங்க, கழட்டுற தேதியையும் முடிஞ்சவரை அடுத்த சீசனுக்கு ரெண்டு மாசம் முன்னாடி இருக்கிற மாதிரி கேட்டு வாங்குங்க. நடுவுல வர்ற வருமானக் குறைவை முன்னாடியே கணக்குல எழுதிடுங்க. பி.காம் படிக்கிறவன் சொல்றேன், இது மட்டும் நம்பலாம்.

சந்தேகம் இருந்தா கேளுங்க. தெரிஞ்சதைச் சொல்றேன், தெரியாததுக்கு மாஸ்டர் இருக்கார்.